உண்டியல் வழியாக வந்த செருப்பு

மில் ஆபீஸின் வெள்ளை டைல்ஸ் தரையில் கால்தடங்கள் வாசலில் தொடங்கித் தண்ணீர் கேன் வரைக்கும் போயிருந்தன. இடது கால் தடம் உமித்தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. வலது கால் தடம் ஈரமாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. தரையை அன்று காலையில்தான் துடைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் பில் போடத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் பில் போடுவதில் அடக்கம் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

“அக்கா, காலைத் தொடச்சிட்டு உள்ள வரக் கூடாதா? இப்பத்தான் தொடச்சேன்” என்றேன்.

இந்திராணியக்கா தூக்குவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் மில்லில் நெல் காயவைக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி அவர்தான்.

“நான் எங்க தண்ணியில மிதிச்சேன்? களத்துல ஏதுடி தண்ணி?” என்றபடி திரும்பினார்.

பிறகு இரண்டு பேருமாகத் தரையைப் பார்த்தோம். அந்த ஈரத்தில் லேசாகச் சிவப்பு கலந்திருந்தது.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு தொங்கியது. அக்கா தலையைச் சாய்த்து, யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார்.

“இது எப்ப ஆச்சு?” என்று என்னைக் கேட்டார்.

களத்துச் சட்டம்

போன வாரம் இந்தப் பகுதியில் எடைமேடை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘அடிக்கடி களம் களம் என்கிறீர்களே, அது என்ன?’ என்று சென்னை வாசகி ஒருவர் கேட்டிருந்தார். தினமும் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர் கேட்கிறார். சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது தஞ்சாவூரிலிருந்து அம்மாபேட்டை போகும் பாதையில் உள்ள புழுங்கல் அரிசி மில். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, சிமென்ட் தரையில் கொட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். அந்தத் தரைதான் களம். ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டை அதில் வைத்துவிடலாம்.

கொட்டிய நெல்லைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிளறுவது காலால்தான். பெண்கள் வரிசையாக நின்று, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். நெல் கோடு கோடாக ஒதுங்கும். பிறகு அதே நெல்லில் குறுக்கே நடப்பார்கள். அடியில் கிடந்த ஈர நெல் மேலே வரும். பங்குனி, சித்திரை உச்சி வெயிலில்தான் இந்த வேலை மும்முரமாக நடக்கும். அப்போதுதான் நெல் நன்றாகக் காயும். மழை நாளுக்கென்று டிரையர் மிஷின் ஒன்று இருக்கிறது. வெயில் சும்மா கிடைக்கும்போது மிஷினை ஓட்டுகிற மில்காரர் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

களத்தில் செருப்பு போடக் கூடாது. நெல் மகாலட்சுமி. அவள் மேல் செருப்புக் காலோடு நடப்பது பாவம். ‘வெறுங்காலோடு மிதித்தால் பரவாயில்லையா?’ என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். நடந்து முடித்தபின் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்றார்கள்.

இன்னொரு காரணமும் சொல்வார்கள். நெல் காய்ந்ததா இல்லையா என்பது வெறுங்காலுக்குத்தான் தெரியுமாம். ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று என் மேஜை டிராயரில் பேட்டரி இல்லாமல் கிடந்தது. இந்திராணியக்காவின் கால் இருக்கும்போது மீட்டர் எதற்கு? அவர் நின்று பார்த்து ‘அள்ளுங்கடி’ என்றால் அள்ளிவிடுவார்கள்.

அவர் கொஞ்ச காலமாகவே நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முதலாளிக்கு அவரைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. உச்சி வெயிலில் மற்ற பெண்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடும்போது ஆபீஸ் ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவார். “ஏன் இப்படி ஓடுறீங்க? இந்திராணியப் பாருங்க. எப்படி நிக்குறா பாருங்க!”

அக்கா நின்றுகொண்டிருப்பார்.

“இன்னும் தொடலையே”

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண். அக்காவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தினார்.

“தெரியுதாம்மா?”

“இன்னும் தொடலையே” என்றார் அக்கா.

டாக்டரம்மா தொட்டு முடித்து, அந்த நரம்பை டப்பாவில் போட்டு மூடியிருந்தார்.

“சுகர் நரம்பைக் கெடுத்துருச்சும்மா. இந்தப் புண்ணு ஆறிடும். இன்னொரு தடவ இப்படி வெந்தா முதல்ல விரலை எடுக்கணும், அப்பறம் காலை எடுக்கணும். வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்காதீங்க. தினமும் உள்ளங்காலைப் பாத்துக்குங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா டிக்கெட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு சிரித்தார்.

“வீட்டுக்குள்ள நடக்கக் கூடாதாம். எங்க வீட்டுல நடக்கறதுக்கு எங்க எடம் இருக்கு? உள்ளங்காலைப் பாக்கணுமாம். இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நான் எப்படிக் குனிஞ்சு பாக்குறது?”

சிரித்துக்கொண்டிருந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். களத்துக்குப் போனால் கால் போகும். போகாவிட்டால் மகளின் படிப்பு போகும்.

நேரில் கேட்டேன்

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுப் பார்க்கலாம். விஷயம் தெரிந்ததும் மனுஷர் பதறிப்போய், புண் ஆறும்வரை இந்திராணி வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, ஆப்பிளும் ஒரு கிலோ லட்டும் கொடுத்தனுப்பினார். சர்க்கரைக்காரிக்கு லட்டு. அக்கா அதைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, முதலாளி நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினார்.

அந்த வாரமே நான் கேட்டேன்.

“முதலாளி, களத்துல வேலை செய்யறவங்களுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்தா நல்லா இருக்குங்க.”

“சுமதி, நீ படிச்ச பொண்ணு. நெல்லு மேல செருப்புக் காலா?”

“நம்ம ரோட்டுலயே நெல்லக் கொட்டிக் காய வச்சிருக்காங்க. பஸ்ஸும் லாரியும் அது மேலதானுங்களே போவுது?”

“அது ரோடு.”

“நெல்லு அதே நெல்லுதானுங்களே?”

“ரோட்டுல போறது டயரு. டயருக்கு என்ன தெரியும்? மனுசனுக்குத் தெரியணும்ல?”

நான் என் மேஜைக்குத் திரும்பினேன். அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

“இந்திராணிய வேணா வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்கச் சொல்லு. பாவம்.”

“வீட்டுல இருந்தா சோத்துக்கு என்னங்க பண்ணுவாங்க?”

“அதான் பாவம்ங்கறேன்” என்றார்.

கையில் எடுத்த செருப்பு

இதையெல்லாம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட காலை முக்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

“எங்கப்பாகிட்ட செருப்பு இருந்துச்சு தெரியுமா? நல்ல டயர் செருப்பு. ஊருக்குள்ள பெரிய தெரு வந்தா கழட்டிக் கையில எடுத்துக்குவாரு. தெரு தாண்டுனதும் போட்டுக்குவாரு. நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன்.”

பெரிய தெருவில் ஏன் கழற்றினார் என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

“அப்பல்லாம் மகாலட்சுமின்னு யாரும் சொல்லல. வேற சொன்னாங்க. இப்ப மகாலட்சுமின்னு சொல்றாங்க” என்றவர், காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். “பரவாயில்ல. மரியாதை கூடித்தான் இருக்கு.”

புண் ஆறியது. ஆறிய மறு நாளே அக்கா களத்துக்கு வந்துவிட்டார், வெறுங்காலோடு. அதற்குப் பிறகு அவர் ஆபீஸுக்குள் நுழைந்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. தரையைத்தான் பார்ப்பேன்.

ஜப்பான் பெட்டி

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கோயம்புத்தூரில் மில்காரர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். போகிறவர்களுக்கெல்லாம் ஒரு பை, ஒரு பேனா, ஒரு புது யோசனை கொடுத்து அனுப்புவார்கள் போலிருக்கிறது. பையை வீட்டம்மா எடுத்துக்கொண்டார். பேனா எனக்கு வந்தது. யோசனை முதலாளியிடமே தங்கிவிட்டது.

“ஜப்பான்ல பெருக்குறவங்ககூட கம்பெனிக்கு யோசனை சொல்லுவாங்களாம் சுமதி. எழுதிப் பெட்டியில போட்டுருவாங்களாம். பேருகூட எழுத வேணாமாம். முதலாளி படிச்சுப் பாத்து மாத்துவாராம். அதான் அவன் முன்னேறிட்டான்.”

எங்கள் ஊர் ஆசாரியிடம் பெட்டி செய்யச் சொன்னார். ஆசாரி பாவம், ஜப்பானைப் பார்த்ததில்லை. மேலே நீளமாக ஓட்டை, முன்னால் பூட்டு, கீழே மூடி என்று சொன்னதும் அவருக்குத் தெரிந்த ஒரே பொருளைச் செய்து, சிவப்புப் பெயின்டும் அடித்துக் கொண்டுவந்தார். அச்சு அசல் கோயில் உண்டியல்.

ஆபீஸ் சுவரில் காலியாக ஒரே ஒரு ஆணிதான் இருந்தது. அது மகாலட்சுமி படத்துக்குக் கீழே இருந்தது. அங்கே மாட்டினோம். ‘உங்கள் யோசனைகளை இதில் போடவும்’ என்று நானே அழகாக எழுதி ஒட்டினேன். வெள்ளிக்கிழமை படத்துக்குப் போட்ட மாலை கீழே தொங்கி எழுத்தை மறைத்துவிட்டது. மாலை காய்ந்தபின்னும் யாரும் எடுக்கவில்லை.

முதலில் காசு போட்டவர் நெல் கொண்டுவந்த ஒரு விவசாயி. போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து ஓடினேன்.

“ஐயா, இது உண்டியல் இல்லைங்க. யோசனைப் பெட்டி.”

அவர் பெட்டியை ஒரு முறை பார்த்தார். “நல்ல யோசனை வரட்டும்னுதாம்மா போட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு லாரி டிரைவர்கள் போட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் போட்டார்கள். கரண்ட் பில் ரீடிங் எடுக்க வந்தவர்கூடப் போட்டார். நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் யோசனை எழுதிப் போடத்தானே அந்தப் பெட்டி? வாயால் கேட்டால் மறுத்தவர் எழுத்தில் கேட்டால் இறங்கி வரலாம். ஜப்பானில் நடந்திருக்கிறதே. ஒரு சீட்டில் இரண்டே வரி எழுதினேன். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்ததால் எழுதவில்லை. மடித்து உள்ளே போட்டேன். பழக்க தோஷத்தில் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திறந்தது

நல்ல நாள் பார்த்து முதலாளி பெட்டியைத் திறந்தார். கற்பூரம் காட்டித்தான் திறந்தார். உள்ளே சில்லறை, ரூபாய் நோட்டுகள், குங்குமப் பொட்டலம், மஞ்சள் துணியில் முடிந்த வேண்டுதல் காசு எல்லாம் இருந்தன. நடுவில் என் சீட்டு.

முதலாளியின் கண் கலங்கிவிட்டது. “நம்ம ஜனங்களுக்கு எவ்வளவு பக்தி பாத்தியா?”

“உள்ள ஒரு சீட்டு கெடக்குங்க முதலாளி. அத மட்டும்...”

“சாமி காசு. கை வைக்காத!”

எல்லாவற்றையும் அப்படியே ஒரு மஞ்சள் பையில் வாரிப் போட்டு, பை வாயைச் சுருக்குப் போட்டுக் கட்டி, நேராக ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய உண்டியலில் சேர்த்துவிட்டார். கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவர்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பில்லை எல்லாம் தப்புத் தப்பாகப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே அக்கா களத்தில் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது.

திரும்பி வந்தது

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் கோயில் உண்டியலைத் திறப்பார்கள். எண்ணுவதற்கு மில் ஆட்களைக் கூட்டிப் போவார் முதலாளி. அதுவும் பில் போடுவதில் அடக்கம்.

மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து, உண்டியலைக் கவிழ்த்தார்கள். காசுக் குவியலுக்கு நடுவே எங்கள் மஞ்சள் பை விழுந்தது. குருக்கள் அதை அவிழ்த்தார். சில்லறையை ஒதுக்கிவிட்டுச் சீட்டை எடுத்துப் பிரித்தார். வேண்டுதல் சீட்டு என்று நினைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார்.

“மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு. களத்தில் வேலை செய்கிறவர்களின் கால் வெந்துபோகிறது. செருப்புப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுங்கள்.”

எண்ணிக்கொண்டிருந்தவர்களின் கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

“உங்களுக்குன்னா வந்திருக்கு” என்று குருக்கள் சீட்டை முதலாளியிடம் நீட்டினார். “அம்பாள் உண்டியல்லேர்ந்து!”

முதலாளி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“முதலாளி, அது நான் எழுதினதுங்க. நம்ம பெட்டியில போட்டேன். நீங்கதான் பையோட இதுல...”

“தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“அப்பறம் என்னங்க?”

“நீ போட்டது பெட்டியில. எனக்கு வந்தது உண்டியல்லேருந்து. நடுவுல ஆத்தா பாத்திருக்காள்ல?”

சரி, ஆத்தா பார்த்ததாகவே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். யோசனை சொன்ன பெருமை போனால் போகிறது. கால் இருந்தால் போதும்.

நாடா வேறு, வார் வேறு

ஆனால் முதலாளி முன்னைவிடப் பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டார். மாரியம்மன் செருப்பு கொடு என்கிறாள். மகாலட்சுமி மேல் செருப்போடு நடக்கக் கூடாது. இரண்டு பேருமே பெரிய இடம். யாரைப் பகைத்துக்கொள்வது? அங்கேயே குருக்களிடம் கேட்டார்.

“தோல் கூடவே கூடாது” என்றார் குருக்கள்.

“ரப்பருங்க?”

“அதுவும் செருப்புதானே? கூடாது.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. பிரகாரத்தில் வெயிலுக்காக விரித்திருந்த தேங்காய் நார்ப் பாயைக் காட்டிக் கேட்டேன். “சாமி, இந்தப் பாய் எதுக்குப் போட்டிருக்கீங்க?”

“ஜனங்களுக்குக் கால் சுடுமோன்னோ?”

“பாய் நெல்லு மேல படலாமுங்களா?”

“தாராளமாப் படலாம். பாய்க்கு என்ன தோஷம்?”

“சாக்கு?”

“நன்னாயிருக்கே! நெல்லே சாக்குலதானேம்மா இருக்கு? சாக்கு படக் கூடாதுன்னா அப்புறம் எதுல கட்டறது?”

“அப்ப அந்தச் சாக்கக் கால்ல கட்டிக்கலாமுங்களா?”

குருக்கள் கையிலிருந்த சில்லறையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அம்மன் சன்னிதிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் காலையிலிருந்து பசி.

“கட்டிண்டா அது செருப்பில்லே. சாக்குதான்” என்றார்.

முதலாளி விடவில்லை. “வார் வச்சுத் தைக்கலாமுங்களா சாமி?”

“வார் வெச்சா செருப்பாயிடும். நாடா வெச்சுக்கோங்கோ.”

இப்படியாக அது தீர்ந்தது. மெத்தை தைக்கிறவரிடம் சொல்லி, புதுச் சாக்கை இரண்டு மடிப்பாக வெட்டி, நடுவில் இலவம் பஞ்சு வைத்து, கணுக்காலில் கட்ட நாடாவோடு தைத்தோம். முதல் ஜோடியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையை உள்ளே விட்டுத் தடவிவிட்டு, “உள்பக்கம் பருத்தித் துணி வச்சுத் தைங்க. சாக்கு நாரு குத்துனா அவங்களுக்குத் தெரியாது” என்றார். அப்படியே தைத்தோம்.

கேட்ட கேள்வி

தொடக்க விழாவுக்குக் களத்து ஓரத்தில் தேங்காய் உடைத்தார் முதலாளி. சாக்குச் செருப்புகளை வரிசையாக வைத்து மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். சாக்குச் செருப்பு என்று நான் இங்கேதான் எழுதுகிறேன். மில்லில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. பெண்கள் போட்டுப் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி காட்டிச் சிரித்தார்கள். ‘கரடிக் கால்’ என்று அன்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலாளி எப்போதும் காலையிலும் சாயங்காலமும்தான் களத்துக்கு வருவார். அன்று விழா இழுத்துக்கொண்டு போனதில் உச்சி வெயில் வந்துவிட்டது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தவர், சிமென்ட் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். அப்படியும் மலர்ந்த முகத்தோடு கேட்டார்.

“என்ன இந்திராணி, இப்ப சுடலையே?”

“முன்னாடியும் சுடலீங்க மொதலாளி.”

முதலாளிக்குப் புரியவில்லை. அக்கா பொறுமையாகச் சொன்னார்.

“சுட்டா நானும் இவளுங்க மாதிரி ஓடியிருப்பேனே. இவளுங்களுக்கெல்லாம் சுடும். ஓடிருவாளுங்க. எனக்குச் சுடாது. நின்னுருவேன். அதாங்க வெந்துபோச்சு.”

சொல்லிவிட்டு நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நெல்லுக்குள் இறங்கிப் போனார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

முதலாளி காலை மாற்றி வைப்பதை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார். ஆபீஸுக்குள் வந்தபின்னும் வெகுநேரம் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார்.

“அவளப் பாருங்க, அவளப் பாருங்கன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேனே சுமதி” என்றார். “நான் ஒரு நாளாச்சும் பாத்தேனா?”

நான் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. அடுத்த நாள் வேறு ஒன்றுக்காகத் திரும்பி வந்துவிட்டது, அது வேறு.

சாயங்கால வேலை

“தினம் அவ காலை யாரு பாக்குறது?” என்று அன்றைக்கே கேட்டார். வீட்டில் யாரும் இல்லை என்றேன். அப்படியானால் நீ பார் என்றார். பில் போடுவதில் அதுவும் அடக்கம். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் முணுமுணுக்கவில்லை.

யோசனைப் பெட்டி இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. லாரிக்காரர்கள் இன்னும் காசு போடுகிறார்கள். யோசனை இருக்கிறவர்கள் மட்டும் அதில் போடுவதில்லை. எழுதி எடுத்துக்கொண்டு நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த முறை உண்டியலைக் கவிழ்த்தபோது, களத்துப் பக்கம் பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்று ஒரே கையெழுத்தில் ஒரு பிடி சீட்டு வந்து விழுந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன். கக்கூஸ் கட்டியாகிவிட்டது.

இப்போதும் வேலை முடிந்ததும் அக்கா கரடிக் காலைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குழாயடியில் கால் கழுவிக்கொண்டு ஆபீஸுக்குள் வருவார். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக என் மடியில் வைப்பார். செல்போன் டார்ச்சை அடித்து விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன். உள்ளே இருந்து முதலாளி குரல் வரும்.

“சுமதி, பாத்தாச்சா?”

“பாத்தாச்சுங்க.”

“ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்லைங்க.”

அதற்கப்புறம்தான் அவர் வீட்டுக்குக் கிளம்புவார்.

நேற்றும் அக்கா அப்படித்தான் வந்தார். கால் கழுவிய கையோடு துடைக்காமல் உள்ளே வந்துவிட்டார். நான் காலையில் துடைத்த வெள்ளை டைல்ஸில் வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் இரண்டு கால் தடங்களும் ஈரமாக இருந்தன. விரல்கள் அத்தனையும் வரிசையாகப் பதிந்திருந்தன. நான் நாற்காலியிலிருந்து எழுந்து கீழே குனிந்தேன்.

“என்னடி, தொடச்சிட்டு வரலன்னு திட்டப் போறியா?” என்றார் அக்கா.

வலது கால் தடத்தை விரலால் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர்தான்.